5 மாதக் குழந்தைக்கு ஆக்குபேஷனல் தெரபி எதற்கு, போகத்தான் வேண்டுமா?

32 வாரத்தில் பிறந்த பையன், இப்போது 5 மாதம், கையை மூடியே வைத்திருக்கிறான், டாக்டர் ஆக்குபேஷனல் தெரபிக்கு, அதாவது அன்றாட வேலைகளைச் சிரமமில்லாமல் செய்யப் பழக்கும் சிகிச்சைக்கு, எழுதிக் கொடுத்திருக்கிறார், பால் குடிக்கிற பிள்ளைக்கு என்ன தெரபி என்று வீட்டில் சத்தம் போடுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். போங்கள். இந்த வாரமே போங்கள். சத்தம் போடுவது மாமியார்தான் என்று நினைக்கிறேன், அவர்மேல் கோபப்படாதீர்கள், காரணம் கீழே வருகிறது.

முதலில் வயதுக் கணக்கு. 40 வாரத்துக்கு 8 வாரம் முந்திப் பிறந்தவனை 3 மாதப் பிள்ளையாகத்தான் நாங்கள் பார்ப்போம், 2 வயது வரைக்கும் இப்படித்தான். அதனால் இன்னும் குப்புற விழவில்லையே என்று பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு அழாதீர்கள். ஆனால் கட்டைவிரல் உள்ளே மடங்கி நாள் முழுக்க முஷ்டியாகவே இருந்தால், ஒரு கையை மட்டும் அசைத்தால், தூக்கும்போது வில்லாகப் பின்பக்கம் வளைந்தால், தானாகச் சரியாகும் என்று காத்திருக்கக் கூடாது.

நான் திருச்சிப் பக்கம் 13 வருடமாக ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக இருக்கிறேன். ஆரம்பத்தில் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். 31 வாரத்தில் பிறந்த ஒரு பையனின் அம்மாவுக்குப் பத்துப் பயிற்சிகளைத் தாளில் எழுதி, தினம் மூன்று வேளை செய்யுங்கள் என்று கொடுத்தேன். மூன்று வாரமாகியும் பையனிடம் மாற்றமில்லை. பிள்ளைமேல் அக்கறை இருக்கிறதா என்று அந்தப் பெண்ணைக் கேட்டுவிட்டேன். அவள் பதிலே சொல்லவில்லை. இரவெல்லாம் உறுத்தியது. மறுவாரம் வீட்டுக்கே போனேன்.

மணப்பாறை தாண்டி, ஓட்டு வீடு. என் தாள் காலண்டருக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது. ஒரு வேளைப் பால் கொடுக்கவே அவளுக்கு முக்கால் மணி நேரம் போகிறது, கொடுத்து முடித்துத் தண்ணீர் பிடித்து வருவதற்குள் அடுத்த பால். இதில் மூன்று வேளைப் பயிற்சிக்கு எங்கே போவாள்? அப்புறம் பின்கட்டில் பாட்டி காலை நீட்டி உட்கார்ந்து பையனை முழங்காலுக்குக் கீழே குப்புறப் போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். எங்கள் சென்டரில் குப்புறப் போட்டால் ஒரு நிமிடத்தில் வீறிடுகிறவன், அங்கே தலையைத் தூக்கி எதிரே இருந்த பித்தளைச் சொம்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அங்கேயே தரையில் உட்கார்ந்தேன். குளிப்பாட்டுவதற்கு முன் ஐந்து நிமிடம் அப்படியே கிடக்கட்டும், முழங்கைகளை மட்டும் நெஞ்சுக்கடியில் கொண்டுவாருங்கள் என்றேன். மூடிய கையை விரல் விரலாகப் பிரித்து இழுக்காமல், சுண்டுவிரல் பக்கமாகப் புறங்கையை எண்ணெயோடு தடவினால் கை தானாக மலரும் என்று காட்டினேன். தூக்கும்போது முதலில் இடுப்பையும் காலையும் மடக்கிக்கொண்டால் வில்லாக வளைய மாட்டான். பால் கொடுக்கையில் மல்லாக்கப் படுக்க வைக்காமல் தலையை உயர்த்தி, பாலாடைக் கிண்ணத்தை உதட்டில் வைத்து அவன் விழுங்கிய பிறகு அடுத்த வாய். பாட்டி என்னைப் பார்த்து, “ஏம்மா, இதைத்தான் அங்க வரவெச்சு பண்றியா?” என்றார். ஆமாம் பாட்டி, இதைத்தான்.

பாட்டி செய்வதெல்லாம் சரியா என்று சிலர் சண்டைக்கு வருவீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. மூக்கில் எண்ணெய் விடுவதை அன்றைக்கே நிறுத்தச் சொன்னேன், அது நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும். தெரபியால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்லவில்லை. அந்தப் பையனுக்கு இடது பக்கம் விறைப்பு இருப்பது பின்னால் உறுதியானது, இன்றும் இருக்கிறது. ஆனால் இடது கையால் தட்டைப் பிடித்துக்கொண்டு வலது கையால் தானே சாப்பிடுகிறான். இரண்டு கைக்கும் வேலை உண்டு என்று அந்தச் சின்ன வயதிலேயே அவனைப் பழக்கியது அவன் பாட்டிதான்.

பால் குடிப்பது, தூங்குவது, அம்மா முகத்தைப் பார்ப்பது, கைக்கு எட்டியதைப் பிடிப்பது, இவைதான் ஒரு சிசுவின் வேலை. அந்த வேலையை அவனும் வீட்டாரும் சிரமமில்லாமல் செய்ய வழி பண்ணுவது எங்கள் வேலை. பிசியோவுக்கும் அனுப்பியிருந்தால் அதையும் விடாதீர்கள், இது வேறு, அது வேறு.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நாலு வருடம் படித்து ஆறு மாதம் இன்டர்ன்ஷிப் முடித்து வந்தவர்கள் நாங்கள். மூன்று மாத ஆன்லைன் சான்றிதழோடு தெருவுக்குத் தெரு ‘தெரபி சென்டர்’ போர்டு மாட்டி ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்கள். 2021இல் துணை மருத்துவப் படிப்புகளுக்குச் சட்டமே வந்துவிட்டது, போர்டுகள் மட்டும் குறையவில்லை. அம்மாவை வெளியே உட்கார வைத்துவிட்டுக் கதவைச் சாத்துகிற இடமாக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். பணம் பிரச்சினை என்றால், 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத்திட்டத்தின் கீழ் மாவட்ட அரசு மருத்துவமனைகளில் டி.இ.ஐ.சி. என்ற, குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளை ஆரம்பத்திலேயே கவனிக்கும் மையம் இருக்கிறது, கட்டணம் கிடையாது. குழந்தைகள் பிரிவில் கேட்டால் அறையைக் காட்டுவார்கள்.

போகும்போது வீட்டில் பையனைக் குளிப்பாட்டுகிறவரையும் கூட்டிப்போங்கள், அது மாமியாராக இருந்தாலும். பசிக்கிற நேரமாகப் பார்த்துப் போங்கள், பாலாடையை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். அவன் குடிக்கிறதைத் தெரபிஸ்ட் பார்க்க வேண்டும்.