வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: உப்புவெளியில் வசிக்கும் என் தமையனாருக்கு ஏழு பிள்ளைகள். மாலைச் செபத்தை நாள்தோறும் படம்பிடித்து யூடியூப்பில் இடுகிறார். சென்ற வாரம், வெளிச்சம் போதவில்லை என்று நான்கு வயதுச் சின்னவளை மூன்றாம் முறையும் கைகுவிக்கச் சொன்னபோது, அவள் சுரூபத்தைப் பார்க்காமல் கமராவையே பார்த்தாள். நான் தலையிடலாமா?
– வாசகி, திருகோணமலை

பதில்: தாராளமாகத் தலையிடலாம். அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் வாழும் பக்தி மிகுந்த டகர் குடும்பத்தைப் பற்றி டி.எல்.சி. தொலைக்காட்சி 2008இல் தொடங்கிய தொடர், பதினேழு பிள்ளைகளில் ஆரம்பித்துப் பத்தொன்பதுக்கு வளர்ந்து, 2015இல் நிறுத்தப்பட்டது. தன் திருமணமும் முதற் பிரசவமும்கூடப் படமாக்கப்பட்டிருந்தும் பல ஆண்டுகள் தனக்கு ஊதியம் கிடைக்கவில்லை என்று, அவ்வீட்டு மகள் ஜில் 2023இல் வெளியான நினைவுநூலில் எழுதினார். பணம் ஒருபுறம் இருக்கட்டும். தகப்பனுக்குக் கீழ்ப்படிவதே ஆண்டவருக்குக் கீழ்ப்படிவது என்று கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு ‘வேண்டாம்’ என்ற சொல் எப்படி வாயில் வரும்? காணொளிகளில் தோன்றும் சிறுவர்களுக்கு வருமானத்தில் ஒரு பங்கை ஒதுக்கிவைக்க வேண்டும் என்ற சட்டம் இலினோய் மாநிலத்தில் 2024 ஜூலையில்தான் நடைமுறைக்கு வந்தது. தமையனாரிடம் சட்டம் பேச வேண்டாம் (கோபம்தான் வரும்). செப நேரத்தில் மட்டுமாவது கமராவை அணைக்கும்படி, பிள்ளைகள் இல்லாத வேளையில், அண்ணியாரையும் வைத்துக்கொண்டு கேளுங்கள்.