மற்றவர்கள் மாறாதபோது நான் மட்டும் ஏன் மாற வேண்டும்?

‘நான் ஒருவன் காரை விட்டுவிட்டு நடந்தால் பூமி குளிர்ந்துவிடுமா? ஊரே சும்மா இருக்கும்போது எனக்கு மட்டும் ஏன் இந்தச் சிரமம்?’ என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஊர் சும்மா இருக்கிறது என்று எதை வைத்து முடிவு கட்டினோம்?

2024இல் ‘நேச்சர் கிளைமேட் சேஞ்ச்’ இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. 125 நாடுகளில் ஏறக்குறைய 1,30,000 பேரிடம், புவி வெப்பமாவதைத் தடுக்க மாத வருமானத்தில் 1 சதவீதம் கொடுப்பீர்களா என்று கேட்டார்கள். 69 சதவீதம் பேர் கொடுப்போம் என்றார்கள். உங்கள் நாட்டில் எத்தனை பேர் கொடுப்பார்கள் என்று அவர்களிடமே கேட்டபோது கிடைத்த சராசரி பதில் 43 சதவீதம்தான். மனம் இருக்கிறது, அடுத்தவர் மேல் நம்பிக்கை இல்லை.

இது ஏன் ஆபத்து? நம்மில் பெரும்பாலோர் முழுச் சுயநலக்காரர்களும் இல்லை, தியாகிகளும் இல்லை. மற்றவர் போட்டால் நானும் போடுகிறேன் என்கிற ரகம். 2008இல் ஜெர்மன் உயிரியலாளர் மன்ஃப்ரெட் மிலின்ஸ்கியின் குழு இதை ஒரு விளையாட்டு மூலம் பரிசோதித்தது. ஆறு மாணவர்கள், ஆளுக்கு 40 யூரோ. பத்துச் சுற்றுகள், ஒவ்வொன்றிலும் 0, 2 அல்லது 4 யூரோவைப் பொதுக்கணக்கில் போடலாம். மொத்தம் 120 சேர்ந்தால் மிச்சப் பணம் அவரவர்க்கு. சேராவிட்டால், கையில் இருப்பதும் பறிபோக 90 சதவீத வாய்ப்பு. ஆளுக்கு 20 போட்டாலே போதும். அப்படியும் பத்துக் குழுக்களில் ஐந்துதான் தேறின. மற்றவையும் இலக்கை நெருங்கி வந்துதான் கோட்டைவிட்டன. அடுத்தவர் போடட்டும் என்று சிலர் காத்திருந்தால் போதும், எல்லார் பணமும் போய்விடும்.

அதனால்தான் ‘மனிதன் திருந்தவே மாட்டான்’ என்று எழுதுபவர்கள் மேல் எனக்குக் கோபம் வருகிறது. அந்தப் பேச்சே கொடுக்க நினைப்பவரின் கையை இழுத்துப் பிடிக்கிறது.

கண்ணுக்குத் தெரிகிற செயலுக்குத் தனி பலம் உண்டு. கலிஃபோர்னியாவில் ஒரு பகுதியில் சூரிய மின்தகடு பொருத்திய வீடுகள் கூடக் கூட, அங்கே புதிதாகப் பொருத்துபவர்களும் கூடுகிறார்கள் என்று ஓர் ஆய்வு கண்டது. நாடுகளுக்கிடையே வெறும் நல்லெண்ணம் போதாது, விதியும் வேண்டும். ஓசோன் படலத்தைக் காக்க வந்த 1987 மான்ட்ரியல் உடன்படிக்கை, சேராத நாடுகளுடன் அந்தப் படலத்தை அரிக்கும் வேதிப்பொருள்களின் வணிகத்தைத் தடுத்தது. வளரும் நாடுகளுக்கு உதவப் பின்னர் நிதியமும் அமைத்தது. ஒதுங்கி நின்று லாபம் பார்க்க வழியில்லை என்றானதும் உலக நாடுகள் அத்தனையும் உள்ளே வந்தன.

ஆகவே நடங்கள். நடப்பதை நாலு பேரிடம் சொல்லவும் செய்யுங்கள். உங்களைப் போலவே ‘நான் மட்டும்தானோ’ என்று தயங்கிக்கொண்டிருப்பவர் அந்த நாலு பேரில் நிச்சயம் இருப்பார்.