‘ஆட்கள் தேவை’: வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். படித்த பிள்ளைகளுக்கு வேலை கிடைக்காதது பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். கோவை கணபதி பக்கம் சின்னதாக ஒரு சி.என்.சி. (கம்ப்யூட்டர் கட்டளையில் ஓடும் கடைசல் மெஷின்) யூனிட் நடத்துகிறேன். பம்ப், மோட்டார் கம்பெனிகளுக்கு ஜாப் ஆர்டரில் பாகங்கள் கடைந்து தருகிறோம். என் கேட்டில் ‘ஆட்கள் தேவை’ போர்டு மாதக்கணக்கில் தொங்குகிறது. வருகிற பி.இ. பையனுக்கு டிராயிங் படிக்கத் தெரியவில்லை, வெர்னியரில் அளவு பார்க்கத் தெரியவில்லை. நீங்கள் வேலை இல்லை என்கிறீர்கள். நான் ஆள் இல்லை என்கிறேன். எது நிஜம்?

முன்பெல்லாம் நானே சொல்லிக்கொடுத்தேன். இரண்டு பையன்களை ஒன்றரை வருஷம் பக்கத்தில் வைத்துத் தேற்றினேன். ஒரு பெரிய கம்பெனி மாதம் மூவாயிரம் ரூபாய் கூடத் தருகிறது என்றதும் இருவரும் கிளம்பிவிட்டார்கள். அன்றோடு சொல்லிக்கொடுப்பதை விட்டேன். இப்போது காண்ட்ராக்டர் அனுப்பும் வடமாநிலப் பையன்கள் ஜாப்பை, அதாவது கடையவேண்டிய பாகத்தை, மாட்டி பட்டனை அமுக்குகிறார்கள். மெஷினை அளவுக்குச் சரிசெய்வது முதல் மற்றதெல்லாம் என்னிடம் இருக்கும் ஒரே செட்டர் பார்த்துக்கொள்கிறார். தொழில் தெரியாத ஆட்களை வைத்துக்கொண்டு ஒரு நாடு உற்பத்தியில் எப்படி முன்னேறும்? தொழில் தெரிந்த ஆளை உருவாக்கி அனுப்புவது அரசாங்கத்தின், கல்லூரிகளின் பொறுப்புதானே?

இன்னொன்று. என் தங்கை மகன் பத்தாவது முடித்திருக்கிறான். வீட்டில் இன்ஜினியரிங் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். எனக்கு ஐ.டி.ஐ. நல்லது என்று தோன்றுகிறது. உங்கள் கருத்து என்ன? (பெயர் வெளியிட வேண்டாம்.)

*

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் சொல்வதும் நிஜம், நான் எழுதியதும் நிஜம். ஆள் தேடி அலையும் முதலாளியும் வேலை தேடி அலையும் பட்டதாரியும் கோவையில் ஒரே தெருவில் இருக்கிறார்கள்.

முதலில் உங்கள் பக்கத்து நியாயம். மத்திய அரசின் 2023-24 பொருளாதார ஆய்வறிக்கையின்படி 15 முதல் 29 வயதுக்குட்பட்டவர்களில் முறையான தொழிற்பயிற்சி பெற்றவர்கள் 4.4 சதவீதம். அப்பாவிடம், மாமாவிடம், பட்டறையில் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவர்கள் 16.6 சதவீதம். மீதிப்பேர் கையில் எந்தத் தொழிலும் இல்லாமல்தான் வேலைச்சந்தைக்கு வருகிறார்கள். தமிழ்நாட்டில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம், அகில இந்திய அளவில் 28.4 (இவை 2021-22 கணக்கு). இவ்வளவு பேரைக் கல்லூரிக்கு அனுப்பியதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் நான்கு வருஷம் மெக்கானிக்கல் படித்தவன் மைக்ரோமீட்டரைக் கையில் வாங்கியதும் தடுமாறுகிறான் என்றால் அந்தக் கல்லூரி அவனையும் அவன் பெற்றோரையும் ஏமாற்றியிருக்கிறது. அதில் உங்களோடு எனக்கு மாற்றுக்கருத்து கிடையாது.

சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2024-இல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையில் ஒரு கணக்கு வருகிறது. 2022-இல் இளைஞர்களில் பட்டதாரிகளிடையே வேலையின்மை 29.1 சதவீதம், எழுதப்படிக்கத் தெரியாதவர்களிடையே 3.4 சதவீதம். படிக்காதவனுக்குத்தான் வேலை கிடைக்கிறது என்று இதைக் காட்டிப் பலர் பேசுகிறார்கள். அது தவறான வாசிப்பு. படிக்காதவனின் வீட்டில் சும்மா இருக்க வசதியில்லை, கிடைத்த கூலிக்குப் போகிறான், கணக்கில் ‘வேலையில் இருப்பவர்’ ஆகிறான். பட்டதாரியை அப்பா இரண்டு வருஷம் உட்கார்த்திச் சோறு போடுகிறார். 2023-24 கணக்கில் நாட்டில் உழைப்பவர்களில் சுமார் 46 சதவீதம் பேர் விவசாயத்தில் இருந்தார்கள், ஆனால் நாட்டின் உற்பத்தி மதிப்பில் விவசாயத்தின் பங்கு 18 சதவீதத்தை ஒட்டித்தான். உற்பத்தித்திறன் என்று நாம் பேசும்போது முதலில் நினைக்கவேண்டியது இந்த இடைவெளியை. வயலிலிருந்து பட்டறைக்கு வருகிறவனுக்கு அங்கே யாராவது தொழில் கற்றுத்தருகிறார்களா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

உங்கள் கடிதத்தின் இரண்டாவது பத்தியைத் திரும்பத்திரும்பப் படித்தேன். நீங்கள் கேட்ட கேள்விக்கான பதில் அந்தப் பத்திக்குள்ளேயே இருக்கிறது.

உங்களுக்கு அன்றாடம் பழகிய ஒரு ஜாப்பை எடுத்துக்கொள்வோம். மோட்டார் மூடியில் 6205 பேரிங் உட்காரும் துளை. அளவு 52 மில்லிமீட்டர். வழக்கமாகக் கேட்கும் டாலரன்ஸ் (அளவு விலக அனுமதி) மேல்பக்கம் 30 மைக்ரான்; ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. வார்ப்பிரும்பு என்பதால் இன்செர்ட் எனும் வெட்டும் முனை தேய்ந்துகொண்டே வரும், தேயத்தேய துளை சிறுக்கும். தொழில் தெரிந்தவன் துளையின் அளவைக் காட்டும் போர் டயல் கேஜை விட்டுப் பார்க்கிறான். 52.024 இருந்தது 52.019 ஆகிறது, பிறகு 52.012. இன்னும் சில ஜாப்பில் கீழ் எல்லையைத் தொட்டுவிடும் என்று அவனுக்குத் தெரியும், டூலின் இடத்தைத் திருத்தும் ஆஃப்செட்டில் பத்து மைக்ரான் கொடுத்துவிட்டு ஓட்டுகிறான். ஒரு ஜாப்கூடக் கெடாது. காலையில் மெஷின் குளிர்ந்திருக்கும்போது வரும் அளவும் ஒரு மணி நேரம் ஓடிச் சூடேறியபின் வரும் அளவும் வேறு என்பதும் அவனுக்குத் தெரியும்.

பட்டன் மட்டும் அமுக்கத் தெரிந்தவனிடம் நாம் கொடுப்பது கோ–நோகோ கேஜ். துளை சரியா தவறா என்று மட்டும் அது சொல்லும், எவ்வளவு என்று சொல்லாது. உள்ளே போகிறது, போகிறது, போகிறது, ஒரு கட்டத்தில் போகவில்லை. அவன் செட்டரைக் கூப்பிடுகிறான். செட்டர் வேறொரு மெஷினில் குனிந்திருக்கிறார். அதுவரை மெஷின் சும்மா நிற்கிறது. இல்லையென்றால் கேஜ் போட்டுப் பார்க்காமலே ஒரு டிரே ஓடிவிடுகிறது, அத்தனையும் ரீவொர்க், மறுபடி கடையவேண்டும். அவசரத்தில் ஆஃப்செட்டைக் கூடுதலாகக் கொடுத்துத் துளை பெரிதாகிவிட்டால் ஸ்கிராப். மெஷின் ஒன்று, கரண்ட் ஒன்று, கேஸ்டிங் ஒன்று. ஷிஃப்ட் முடிவில் டிரேயில் இருக்கும் நல்ல ஜாப்பின் எண்ணிக்கை மட்டும் வேறு. நாட்டின் உற்பத்தித்திறன் என்று டெல்லியில் பேசுவது, இப்படி லட்சக்கணக்கான டிரேக்களில் தேறியதைக் கூட்டி வருவதுதான்.

இனி நான் கேட்கவேண்டியது. உங்கள் மெஷினில் புரோகிராமையும் ஆஃப்செட்டையும் பூட்டிவைக்கும் சாவி யாரிடம் இருக்கிறது? பெரும்பாலான பட்டறைகளில் அது செட்டரின் பாக்கெட்டில் இருக்கும். தெரியாதவன் கைவைத்து டூலை உடைத்துவிடுவான் என்ற பயம் நியாயமானதே. ஆனால் மூன்று வருஷம் ஆனாலும் சாவி அந்தப் பாக்கெட்டிலேயே இருந்தால், வடக்கிலிருந்து வந்த அந்தப் பையன் எதைக் கற்றுக்கொண்டு திறமைசாலி ஆவான்? அவனுக்கு மூளை இல்லையா? ஊரைவிட்டு இத்தனை தூரம் வந்து, தெரியாத பாஷையில், பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை பார்க்கிறவனுக்குக் கற்றுக்கொள்ளும் ஆசை இருக்காதா? காண்ட்ராக்டர் அவனை அடுத்த ஆண்டு வேறு இடத்துக்கு அனுப்பிவிடுவார், உங்களுக்குப் புதுப்பையன் வருவான், மறுபடி ‘இந்தப் பட்டன், அந்தப் பட்டன்’ என்று தொடங்கும். இந்தியாவின் பதிவு பெற்ற தொழிற்சாலைத் தொழிலாளர்களில் பத்துக்கு நால்வர் இப்படி ஒப்பந்தத்தில் இருப்பவர்கள். நாட்டிலேயே அதிகத் தொழிற்சாலைகளும் அதிகத் தொழிற்சாலை வேலைகளும் உள்ள மாநிலம் நம்முடையது. ஒருவனை ஒரே மெஷினில் நிலைக்கவிடாமல் அவனிடம் தொழில்நுணுக்கத்தை எதிர்பார்ப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

பயிற்சி கொடுத்த பையன்கள் போய்விட்டார்கள் என்ற உங்கள் வருத்தம் உண்மையானது. பொருளியலில் இது பழைய சிக்கல். அமெரிக்கப் பொருளியலாளர் கேரி பெக்கர் 1964-இல் வந்த தன் நூலில் இதை அலசியிருக்கிறார். எங்கும் செல்லுபடியாகும் திறனை ஒரு முதலாளி தன் செலவில் கற்றுத்தரமாட்டார், ஏனென்றால் பலன் பக்கத்துக் கம்பெனிக்குப் போய்விடும், கற்கிறவனே குறைந்த சம்பளத்தை ஏற்று அந்தச் செலவைச் சுமப்பான் என்பது அவர் வாதம். உங்கள் பையன்களும் ஒன்றரை வருஷம் அப்படித்தான் சுமந்திருப்பார்கள். அந்த ஒன்றரை வருஷத்தில் அவர்கள் சம்பளம் எத்தனை முறை ஏறியது என்று நீங்கள் எழுதவில்லை. தேறிய ஆளுக்குத் தேறாத ஆளின் சம்பளம் என்றால் மூவாயிரம் ரூபாய்க்கு அவன் போவதைத் துரோகம் என்று சொல்லமாட்டேன்.

‘எங்கிருந்து கொடுப்பது?’ என்று நீங்கள் கேட்பீர்கள். அதுவும் நியாயமே. ஜாப்புக்கான ரேட்டை அடித்துக் குறைப்பதும் பெரிய கம்பெனிதான், தேறிய பையனைக் கூட்டிக்கொண்டு போவதும் பெரிய கம்பெனிதான். சிறுதொழிலுக்கு 45 நாட்களுக்குள் பணம் தரவேண்டும் என்று 2006-இலிருந்து சட்டம் இருக்கிறது. உங்கள் பில் எத்தனை நாளில் பாஸாகிறது என்று நான் சொல்லவேண்டியதில்லை. சிறு பட்டறைகள் காசு வாங்காத பயிற்சிப்பள்ளிகளாக நடந்துகொண்டிருக்கின்றன. திறன் மேம்பாடு பற்றிப் பேசும் கூட்டங்களில் இதை யாராவது எழுந்து சொல்லவேண்டும்.

இதற்கு மற்ற நாடுகள் ஒரு வழி கண்டிருக்கின்றன. ஜெர்மனியை எல்லோரும் சொல்வார்கள், நான் பிரேசிலைச் சொல்கிறேன். 1942-இல் அங்கே சேனாய் என்ற பயிற்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. தொழிற்சாலைகள் சம்பளப்பட்டியலில் ஒரு சதவீதத்தை அதற்குக் கட்டவேண்டும், அதைத் தொழில் அமைப்புகளே நடத்தும். எல்லோரும் காசு போடுவதால் ‘நான் வளர்த்தேன், அவன் தூக்கிக்கொண்டான்’ என்ற பேச்சு குறைகிறது. 1960களின் தொடக்கத்தில் அங்கே லேத் ஓட்டக் கற்ற ஏழைப்பையன் லூலா பின்னாளில் அந்நாட்டின் அதிபரானார். சிங்கப்பூரும் 1979-இல் சம்பளத்தின் மீது வரி போட்டுத் திறன் மேம்பாட்டு நிதி தொடங்கியது. ஆளைப் பயிற்சிக்கு அனுப்பும் முதலாளி அந்த நிதியிலிருந்து உதவி பெறலாம்.

நம்மிடம் 1961-இன் அப்ரென்டிஸ் சட்டம் இருக்கிறது. முப்பது பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள் கட்டாயம் அப்ரென்டிஸ்களை எடுக்கவேண்டும். ஆனால் சட்டப்படி அப்ரென்டிஸ் தொழிலாளி அல்ல, பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தே ஆகவேண்டும் என்றும் இல்லை. அதனால் உற்பத்தி வரிசையில் முழு ஆளின் வேலையை வாங்கிக்கொண்டு உதவித்தொகை மட்டும் கொடுக்க இது பல இடங்களில் வசதியாகிவிட்டது. வருஷம் முடிந்ததும் அந்தக் குழு வெளியே, அடுத்த குழு உள்ளே. இதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. பயிற்சி என்ற பெயரில் ஒரு இளைஞனின் இருபதாவது வயதை எடுத்துக்கொண்டு அவன் கையில் எதையும் கொடுக்காமல் அனுப்புகிறோம்.

திறன் வந்துவிட்டால் வேலை தானாக வரும் என்றும் நான் நம்பவில்லை. கேரளத்தில் கை நிறையத் தொழிலோடு வெல்டரும் எலக்ட்ரீஷியனும் உருவானார்கள், உள்ளூரில் ஆலைகள் போதவில்லை, வளைகுடாவுக்குப் போனார்கள். பிரேசிலில் அத்தனை நல்ல பயிற்சி அமைப்பு இருந்தும் 1980களுக்குப் பிறகு உற்பத்தித்திறன் பெரிதாக எழவில்லை. மெஷின், முதலீடு, ஆர்டர், மின்சாரம், ரோடு எல்லாம் சேர்ந்து வரவேண்டும்.

அரசின் பொறுப்பு என்று கேட்டிருந்தீர்கள். நிச்சயம் உண்டு. பள்ளியில் பின்னமும் தசமமும் சரியாக வந்தால்தான் பட்டறையில் மைக்ரான் புரியும், அதை நீங்கள் கற்றுத்தர முடியாது. தமிழக அரசு 71 அரசு ஐ.டி.ஐ.க்களை 2,877 கோடி ரூபாய்த் திட்டத்தில் புதுப்பிக்க முனைந்தது, 2022-இல் ‘நான் முதல்வன்’ என்ற திறன் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது, இவற்றை வரவேற்கிறேன். புது மெஷின் வந்த இடத்தில் அதை ஓட்டத் தெரிந்த ஆசிரியரும் மாணவன் பழகிக் கெடுக்க மெட்டீரியலும் இருக்கவேண்டும் என்பதை மட்டும் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கவேண்டும். உங்கள் ஊரின் ஜி.டி. நாயுடு 1945-இல் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் உருவாக முன்நின்றவர். நான்கு வருஷப் படிப்பு வீண், இரண்டு வருஷம் போதும் என்று வாதாடினார், அரசு ஏற்கவில்லை என்றதும் கல்லூரி முதல்வர் பொறுப்பையே விட்டார். இரண்டு வருஷக் கணக்கை நான் அப்படியே ஏற்கவில்லை. கை மெஷினில் இருக்கவேண்டும் என்ற அவருடைய பிடிவாதம் இன்றைக்கும் நமக்கு வேண்டியிருக்கிறது.

உங்களால் ஆகக்கூடியது ஒன்றைச் சொல்கிறேன். இப்போது இருக்கும் பையன்களில் ஆர்வமுள்ள இருவரைக் காண்ட்ராக்டரிடமிருந்து உங்கள் சொந்தச் சம்பளப்பட்டியலுக்கு மாற்றுங்கள். ஆறு மாதத்தில் ஆஃப்செட், ஒரு வருஷத்தில் டூல் மாற்றுவது, இரண்டு வருஷத்தில் முழு செட்டிங். ஒவ்வொரு படிக்கும் எவ்வளவு சம்பளம் ஏறும் என்பதை நோட்டீஸ் போர்டில் எழுதி ஒட்டிவிடுங்கள், இந்தியிலும் எழுதுங்கள். உங்கள் செட்டருக்குச் சொல்லிக்கொடுப்பதற்கென்று தனியாக ஒரு தொகை கொடுங்கள், இல்லையென்றால் தன் இடம் போய்விடுமோ என்று அவர் மறைப்பார். உங்கள் தெருவிலேயே உங்களைப்போல் பத்து யூனிட்கள் இருக்கும். கொடிசியா போன்ற சிறுதொழில் அமைப்புகளின் வழியாகச் சேர்ந்து ஒரு பயிற்சிக்கூடம் நடத்தினால், யார் யாரிடம் போனாலும் நஷ்டம் பொதுவில் போகும்.

தங்கை மகன் விஷயம். ஐ.டி.ஐ. என்றால் ‘அப்புறம் யார் பொண்ணு கொடுப்பாங்க’ என்று உங்கள் வீட்டுப் பெண்கள் பயப்படுவது எனக்குப் புரிகிறது, அந்தப் பயத்தை உருவாக்கியது பட்டறைச் சம்பளம்தான். அவர்களிடம் இதைச் சொல்லுங்கள்: ஐ.டி.ஐ. முடித்தால் டிப்ளமோவில் நேராக இரண்டாம் ஆண்டு சேரலாம், டிப்ளமோ முடித்தால் பி.இ.யிலும் நேராக இரண்டாம் ஆண்டு. பாதை மூடவில்லை. ஆனால் முதலில் பையனிடம் கேளுங்கள். அவனுக்கு மெஷின் பிடிக்குமென்றால் டர்னர் அல்லது மெஷினிஸ்ட் டிரேடு நல்லது. கணக்கில் வலுவாக இருந்து படிக்க ஆசைப்பட்டால் பிளஸ் டூ போகட்டும், தடுக்கவேண்டாம். எந்த இடத்தில் சேர்ப்பதானாலும் ஒரு வேலைநாள் மத்தியானம் அவனையும் கூட்டிக்கொண்டு அந்த ஒர்க்‌ஷாப்பைப் போய்ப் பாருங்கள். லேத்துக்குக் கீழே கடைந்த இரும்புச் சிப்ஸ் கிடக்கிறதா, மெஷின் உறை போட்டு மூடியிருக்கிறதா, ஒரு மெஷினைச் சுற்றி எத்தனை பையன்கள் நிற்கிறார்கள் என்று பார்த்தாலே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

அன்புடன்.