வாசகர் கேள்விகள்: செங்கால் நாரையும் திசை மாறும் ஆறும்

கேள்வி: 'நாராய் நாராய் செங்கால் நாராய்' என்னும் தனிப்பாடலைப் பள்ளியில் படித்திருக்கிறேன். அதில் வரும் பறவை எது? அது உண்மையிலேயே தெற்கே வந்து திரும்பிப் போகும் பறவையா? (கும்பகோணம் வாசகர்)

பதில்: சத்திமுத்தப் புலவர் அந்தப் பறவையை அடையாளம் காண மூன்று குறிப்புகளைத் தந்திருக்கிறார். கால் சிவந்திருக்கிறது, அலகு பவள நிறத்தில், பனங்கிழங்கைப் பிளந்தாற்போல் கூராக இருக்கிறது, பறவை தென்திசைக் குமரியில் நீராடிவிட்டு வடதிசைக்கு ஏகுகிறது. நம் ஏரிகளில் காணும் பெரிய பறவைகளை இவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தால் ஒவ்வொன்றாக விலகிவிடும். மஞ்சள் மூக்கு நாரைக்குப் பெயரிலேயே விடை இருக்கிறது. நத்தைகுத்தி நாரையின் அலகு மங்கிய நிறமுடையது, நடுவில் இடைவெளியும் உண்டு. பூநாரையின் அலகு கீழ்நோக்கி வளைந்தது. எஞ்சுவது, வெண்ணிற உடலும் கரிய சிறகோரமும் சிவந்த காலும் நேரான சிவந்த அலகும் கொண்ட, பறவை ஆர்வலர்கள் இன்றும் தமிழில் 'செங்கால் நாரை' என்றே அழைக்கும் பறவை. ஐரோப்பாவிலும் மத்திய ஆசியாவிலும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் இந்த நாரைகளில் பெரும்பாலானவை குளிர்காலத்தில் ஆப்பிரிக்காவுக்குச் செல்ல, ஒரு பகுதி இந்தியாவுக்கு வருகிறது. தமிழ்நாட்டில் இன்று அதைக் காண்பது அரிது.

அலகுக்குச் சொன்ன உவமையை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். தை மாதத்தில் அவித்த பனங்கிழங்கு ஒன்றை எடுத்துத் தோலுரித்து, நுனியிலிருந்து பாதிவரை பிளந்து பிடியுங்கள். அடியில் தடித்து நுனியில் கூர்ந்த இரண்டு பாதிகளும் ஒரு நாரை வாய் திறந்தாற்போலவே நிற்கும். வடிவத்துக்குக் கிழங்கையும் நிறத்துக்குப் பவளத்தையும் தனித்தனியாகச் சொன்ன நுட்பம் என்னை ஒவ்வொரு முறையும் வியக்க வைக்கிறது. பாட்டின் பிற்பகுதியில் புலவர் மதுரையில் ஆடையின்றி வாடைக்காற்றில் மெலிந்து, கையால் உடலைப் பொத்திக்கொண்டு, பெட்டிக்குள் அடைபட்ட பாம்பைப்போல் மூச்சு விடுகிறார். அந்த வாடைக்காலமே இந்நாரைகள் நம் நாட்டில் தங்கும் காலம். பனங்கிழங்கு சந்தைக்கு வருவதும் அதே பருவத்தில்தான். கண்ணால் கண்டதைத்தான் அவர் பாடியிருக்கிறார் என்று நான் நம்புகிறேன். 'நீயும் நின் பெடையும்' என்ற சொற்களை மட்டும் கவிஞரின் ஏக்கத்துக்கு விட்டுவிட வேண்டும். ஏனெனில் செங்கால் நாரைகளில் ஆணும் பெண்ணும் பொதுவாகச் சேர்ந்து வலசை போவதில்லை, பழைய கூட்டுக்குத் திரும்பிய பின்னரே மீண்டும் இணைகின்றன.

இந்தப் பறவை குளிர்காலத்தில் எங்கே போகிறது என்பது ஐரோப்பாவில் நெடுங்காலம் புதிராக இருந்தது. குளிர்காலத்தில் காணாமற்போகும் பறவைகள் எங்கோ ஒளிந்து உறங்குவதாகக்கூட நம்பினார்கள். 1822-இல் ஜெர்மனியின் குலூட்ஸ் என்ற ஊருக்கு அருகில் ஒரு செங்கால் நாரை பிடிபட்டது. ஏறத்தாழ 80 செ.மீ. நீளமுள்ள ஆப்பிரிக்க ஈட்டி ஒன்று அதன் கழுத்தில் பாய்ந்து நின்றது. அந்தக் காயத்தோடுதான் அது அத்தனை தொலைவும் பறந்து வந்திருந்தது. ஈட்டியோடு பதப்படுத்தப்பட்ட அந்த உடல் ராஸ்டாக் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படுகிறது.

கேள்வி: பவளம் என்பது கல்லா, செடியா, உயிரினமா? (தூத்துக்குடி வாசகி)

பதில்: உயிரினம் கட்டிய வீடு என்பதே சரியான விடை. பாலிப் எனப்படும் சின்னஞ்சிறு விலங்குகள் கூட்டமாக வாழ்ந்து சுரக்கும் சுண்ணாம்புக் கட்டமைப்பே பவளம். கிளைத்து நிற்பதால் அதைச் செடி என்றே கருதிவந்தார்கள். அது விலங்கு என்பதை 18-ஆம் நூற்றாண்டில் மார்செய் நகரத்து மருத்துவர் பெய்சொனெல் எடுத்துரைத்தார். நகைக்குரிய செம்பவளம் மத்தியதரைக் கடலில் விளைவது. முசிறித் துறையில் வந்திறங்கிய சரக்குகளில் பவளமும் ஒன்று என்று பெரிப்ளூஸ் என்னும் பண்டைய கிரேக்கக் கடல்வழி நூல் குறிப்பிடுகிறது.

கேள்வி: ஆண்டுக்கு இருமுறை ஓடும் திசையை மாற்றிக்கொள்ளும் ஆறு ஒன்று உண்டாமே? (சேலம் வாசகர்)

பதில்: உண்டு. கம்போடியாவின் தொன்லே சாப் ஆறு அது. அதே பெயருள்ள பேரேரியை மீகாங் நதியோடு இணைக்கும் இந்த ஆறு, கோடையில் ஏரியிலிருந்து மீகாங்கை நோக்கி இயல்பாக ஓடுகிறது. மழைக்காலத்தில் மீகாங் பெருக்கெடுத்து அதன் நீர்மட்டம் ஏரியின் மட்டத்தைவிட உயர்ந்துவிடும்போது, ஆறு பின்னோக்கித் திரும்பி வெள்ளத்தை ஏரிக்குள் கொண்டுசேர்க்கிறது. சுமார் 2,500 சதுர கி.மீ. பரப்புள்ள ஏரி அப்போது ஐந்து மடங்குக்கும் மேலாக விரிந்து, சுற்றியுள்ள காடுகளை மூழ்கடிக்கிறது. நீருக்குள் நிற்கும் அந்த மரங்களின் இடையில்தான் மீன்கள் இரை தேடிக் கொழுக்கின்றன. கரையோர ஊர்களில் வீடுகள் உயர்ந்த மரக்கால்களின்மேல் நிற்பதற்கும் இதுவே காரணம். வெள்ளம் வடிந்து ஆறு மீண்டும் திரும்பும் பருவத்தை ஒட்டி, புனோம் பென் நகரில் படகுப் போட்டிகளோடு நீர்த் திருவிழா நடக்கிறது. அங்கோர் நகரம் இந்த ஏரியின் வடபுறத்தில் எழுந்தது. அங்குள்ள பாயோன் கோயில் சுவர்ச் சிற்பங்களில் போர்ப்படகுகளுக்கு அடியில் மீன்கள் நீந்துவதைப் பார்க்கலாம்.

கேள்வி: ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாயின் புகழ்பெற்ற அலை ஓவியம் சுனாமியைக் காட்டுகிறதா? (நாகப்பட்டினம் வாசகி)

பதில்: உங்கள் ஊரிலிருந்து இந்தக் கேள்வி வருவதன் பொருள் எனக்குப் புரிகிறது. அது சுனாமி அன்று. சுனாமி என்ற ஜப்பானியச் சொல்லுக்குத் துறைமுக அலை என்று பொருள். ஆழ்கடலில் அது படகுக்கு அடியில் உணர முடியாத சிறு ஏற்றமாகக் கடந்து போய்விடும். கரையை நெருங்கும்போதுதான் உயர்ந்து எழும். ஹொக்குசாய் வரைந்ததோ திறந்த கடலில் மடிந்து உடையும் பேரலை. 1831-ஐ ஒட்டி, தம் எழுபதாம் வயதளவில், ஃபூஜி மலையைப் பல கோணங்களில் காட்டும் வரிசையில் ஒன்றாக இதை அவர் படைத்தார். மரப்பலகையில் செதுக்கித் தாளில் அச்சிட்டது இது. அகலம் சுமார் 37 செ.மீ. மட்டுமே. அதன் ஆழ்ந்த நீலத்துக்குக் காரணமான பிரஷ்யன் நீலம், 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் தற்செயலாகக் கண்டறியப்பட்ட சாயம். படத்தை அடுத்தமுறை பார்க்கும்போது கண்ணை அலையிலிருந்து சற்றுக் கீழே இறக்குங்கள். மூன்று படகுகளில் துடுப்பு வலிப்பவர்கள் தலை கவிழ்ந்து ஒட்டிக்கிடக்கிறார்கள். அலையின் பள்ளத்துக்கு அப்பால், நுரைத்துளிகள் பனியாகப் பெய்வதைப்போல் தோன்றும் இடத்தில், ஃபூஜி மலை ஒரு சிற்றலையின் அளவில் அசையாமல் நிற்கிறது.