போனில் ஓடும் வீடியோ டிவிக்கு ஏன் போக மறுக்கிறது?

கேள்வி: யூடியூபை டிவிக்கு அனுப்பினால் போனைப் பூட்டி வைத்தாலும் படம் ஓடுகிறது. கேலரி வீடியோவை ஸ்க்ரீன் மிரரிங்கில் போட்டால் போன் சுடுகிறது, சார்ஜ் மளமளவென்று இறங்குகிறது. ஏன்?

பதில்: படத்தை ஓட்டுவது போனா, டிவியா? எந்தச் சிக்கலிலும் நான் முதலில் கேட்பது இதைத்தான். யூடியூபில் டிவிக்கு அனுப்பும் 'காஸ்ட்' குறியைத் தொட்டால் போன் கொடுப்பது வீடியோவை அல்ல, அது இருக்கும் முகவரியை. டிவியோ, அதில் செருகிய 'குரோம்காஸ்ட்' கருவியோ தானே இணையத்திலிருந்து படத்தை இழுத்துக்கொள்ளும். அதன்பின் உங்கள் போன் வெறும் ரிமோட்.

மிரரிங் அப்படியல்ல. போன் முதலில் வீடியோவை ஓட்ட வேண்டும். பிறகு தன் திரையை நொடிக்குப் பல தடவை படம் பிடித்து, சுருக்கி, வைஃபையில் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். இரட்டை வேலை, சுடாமல் என்ன செய்யும்? திரையில் வருவதெல்லாம் டிவியிலும் வரும் என்பது இன்னொரு தொல்லை. உறவினர்கள் சூழ ஆல்பம் காட்டிக்கொண்டிருந்தபோது, 'கட்டணம் நிலுவை, மூன்றாம் நினைவூட்டல்' என்ற குறுஞ்செய்தி 43 அங்குலத் திரையில் எனக்கு வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து முதலில் 'டூ நாட் டிஸ்டர்ப்', பிறகுதான் மிரரிங்.

கேலரி வீடியோவுக்கு கூகுள் போட்டோஸ் அல்லது வி.எல்.சி. செயலியிலிருந்து காஸ்ட் செய்து பாருங்கள். வி.எல்.சி.யில் 2018-இல் வந்த 3.0 பதிப்பு முதல் இந்த வசதி உண்டு. டிவிக்குத் தெரியாத ஃபார்மேட் என்றால் மட்டும் போன் அதை மாற்றி அனுப்பும். அப்போது சூடு திரும்ப வரும்.

கேள்வி: காஸ்ட் குறியே வரவில்லை.

பதில்: போனும் டிவியும் ஒரே வைஃபையில் இருக்கின்றனவா? 'கெஸ்ட்' வைஃபை பெரும்பாலும் சாதனங்களை ஒன்றுக்கொன்று தெரியாமல் மறைத்துவிடும். போனில் வி.பி.என். ஓடினால் நிறுத்துங்கள். ஐபோனில் 2020-இல் வந்த ஐ.ஓ.எஸ். 14 முதல் ஒவ்வொரு செயலியும் 'லோக்கல் நெட்வொர்க்' அனுமதி கேட்கிறது. அன்று அவசரத்தில் மறுத்திருப்பீர்கள், செட்டிங்ஸில் போய் திறந்துவிடுங்கள்.

டிவியில் 'மிராகாஸ்ட்' என்ற மிரரிங் முறை மட்டும் இருந்தால் ஐபோனும் கூகுளின் பிக்சல் போனும் அதைக் கண்டுகொள்ளாது. ஐபோனுக்கு ஆப்பிளின் சொந்த முறையான ஏர்பிளே உள்ள டிவி வேண்டும்; பிக்சலுக்கு குரோம்காஸ்ட் வசதி வேண்டும்.

கேள்வி: டைப்-சி டு எச்.டி.எம்.ஐ. கேபிள் வாங்கினேன். டிவியில் 'நோ சிக்னல்' மட்டும்தான்.

பதில்: கேபிளைத் திட்டாதீர்கள், பெரும்பாலும் போன்தான் காரணம். டைப்-சி என்பது துளையின் வடிவம் மட்டுமே. அதன் வழியே படம் வெளியே வர போனில் 'டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட்' இருக்க வேண்டும். போனின் விவரப் பட்டியலில் 'யு.எஸ்.பி. 2.0' என்று இருந்தால் பெரும்பாலும் அந்த வழி இருக்காது. விலை குறைந்த போன்கள் பலவற்றில் இதுதான் நிலை. ஐபோன் 15 விதிவிலக்கு, யு.எஸ்.பி. 2 என்றாலும் அதில் இந்த வசதி உண்டு. பிக்சல் 8-க்கு 2024-இல் ஒரு அப்டேட்டில்தான் வந்தது. இருக்கிறதா என்று பார்த்துவிட்டு கேபிள் வாங்கியிருக்கலாம் என்று இப்போது சொல்வது எளிது, தெரியும்.

கேள்வி: மிரரிங்கில் ஓ.டி.டி. படம் போட்டால் ஒலி கேட்கிறது, திரை கறுப்பு.

பதில்: கோளாறு இல்லை, வேண்டுமென்றே செய்வது. யாரும் பதிவு செய்துவிடாதிருக்க, திரையைப் பிடிக்கும் எதற்கும் அந்தச் செயலி படத்தைக் கொடுக்காது. அதே செயலியின் காஸ்ட் குறியைத் தொடுங்கள், அல்லது டிவியிலேயே அந்தச் செயலியைத் திறங்கள்.

கேள்வி: புளூடூத்தில் அனுப்ப முடியுமா?

பதில்: பாட்டு போகும், படம் போகாது. அந்தக் குழாய் அவ்வளவு சிறியது.

கேள்வி: ஐபோனில் எடுத்த வீடியோவை பென் டிரைவில் போட்டு டிவியில் செருகினேன். ஒலி மட்டும் வருகிறது.

பதில்: 2017 முதல் ஐபோன்கள் எச்.இ.வி.சி. என்ற புதிய சுருக்க முறையில் பதிவு செய்கின்றன; பழைய டிவிகளுக்கு அது புரியாது. செட்டிங்ஸில் கேமரா, ஃபார்மேட்ஸ் போய் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' வையுங்கள். ஆனால் இனி எடுப்பவைக்குத்தான் அது. எடுத்து முடித்ததை ஹேண்ட்பிரேக் போன்ற மென்பொருளில் மாற்ற வேண்டும். ஃபைல் 4 ஜி.பி.யைத் தாண்டினால் 'ஃபேட்32' என்ற பழைய முறையில் ஃபார்மேட் செய்த பென் டிரைவில் ஏறவே ஏறாது. 'எக்ஸ்ஃபேட்' முறையில் ஃபார்மேட் செய்ய வேண்டும், அதை டிவி படிக்குமா என்பதையும் பாருங்கள்.

கேள்வி: மூன்று வண்ணத் துளைகள் மட்டும் உள்ள பழைய டிவி. வழி உண்டா?

பதில்: உண்டு. எச்.டி.எம்.ஐ. டு ஏ.வி. கன்வெர்ட்டர் பெட்டி. 'ஏ.வி. டு எச்.டி.எம்.ஐ.' என்பது எதிர்த்திசை, பார்த்து வாங்குங்கள். சிறிய எழுத்து மங்கலாகத்தான் இருக்கும்.

கேள்வி: செங்குத்தாக எடுத்த வீடியோ டிவியில் நடுவில் ஒரு பட்டையாகத் தெரிகிறது. முழுத் திரைக்கு வராதா?

பதில்: 1920-க்கு 1080 திரையில் உயரம் 1080 என்றால் அகலம் 607 புள்ளிதான் கிடைக்கும், மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. 'ஜூம்' அழுத்தி நிரப்பினால் படத்தில் ஏறக்குறைய பத்தில் ஏழு பங்கு வெட்டுப்பட்டு, ஆடும் குழந்தையின் வயிறு மட்டும் மிஞ்சும். பட்டையாகவே பாருங்கள்; அடுத்த முறை போனைப் படுக்க வைத்து எடுங்கள்.