ஸ்டோரேஜ் கார்டு போட்டால் விளையாட்டு சீராக ஓடுமா?

கேள்வி: என்னிடம் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் என்ற வீடியோ கேம் கருவி இருக்கிறது. நண்பர் வீட்டு பிளேஸ்டேஷன் 5-இல் பளிச்சென்று ஓடும் அதே விளையாட்டு, என் கருவியில் மங்கலாகத் தெரிகிறது. கூட்டமான சண்டைக் காட்சிகளில் திணறுகிறது. மெமரி போதவில்லை, கூடுதல் கார்டு போட்டால் சரியாகிவிடும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா? என் கருவியில் ஏதாவது பழுதா?

பதில்: நீங்கள் சொல்வதில் பழுதுக்கான அறிகுறி எதுவும் இல்லை. கார்டை வாங்காதீர்கள். விளையாட்டுகளை வைக்க இடம் போதவில்லை என்றால் அது வேறு விஷயம். படம் தெளிவாக வேண்டும், திணறல் நிற்க வேண்டும் என்பதற்காக அதில் பணம் போடுவது வீண்.

கடைக்காரர் இரண்டு வேறு பாகங்களை ஒன்றாக்கிப் பேசுகிறார். வாங்கிய விளையாட்டு தங்கியிருக்கும் அலமாரி ஸ்டோரேஜ். விளையாடும் நேரத்தில் வேண்டியதை எடுத்துப் பரப்பிவைக்கும் மேசை ரேம். அலமாரியைப் பெரிதாக்கினால் மேசை அகலமாகாது. உங்கள் கருவியில் ரேம் 10 ஜிபி. அதிலும் 8 ஜிபிதான் நொடிக்கு 224 ஜிபி வேகத்தில் இயங்குகிறது. மிச்சமுள்ள 2 ஜிபிக்கு அதில் கால்பங்கு வேகம்தான். நண்பரின் பிளேஸ்டேஷன் 5-இல் 16 ஜிபி இருக்கிறது, முழுவதும் நொடிக்கு 448 ஜிபி வேகத்தில். ஒரு முக்கிய வித்தியாசம் இங்கே இருக்கிறது.

எக்ஸ்பாக்ஸுக்கென்று வரும் விரிவாக்க கார்டு, கருவிக்குள் இருக்கும் ஸ்டோரேஜுக்கு ஈடான வேகத்தில்தான் செய்யப்படுகிறது. அதற்கு மேல் எதையும் அது தராது. அந்தக் கார்டுக்குப் பதிலாகச் சாதாரண யுஎஸ்பி எஸ்எஸ்டி (சுழலும் டிஸ்க் இல்லாத வேகமான ஸ்டோரேஜ்) ஒன்றைத் தலையில் கட்டும் கடைகளும் உண்டு. அது இன்னும் மோசம். சீரிஸ் எக்ஸ், எஸ் கருவிகளுக்காகவே வந்த விளையாட்டுகளை அதில் சேமித்து வைக்கலாமே தவிர, அதிலிருந்து ஓட்ட முடியாது. ரேமையே கூட்டித் தருகிறேன் என்று யாராவது கருவியைத் திறக்கக் கேட்டால் கொடுக்கவே கொடுக்காதீர்கள். ரேம் சில்லுகள் போர்டில் சாலிடர் செய்யப்பட்டவை. திறந்தால் வாரண்டிதான் போகும்.

ஒரே ஒரு விலக்கைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கடைக்காரர்கள் இதைக் காட்டித்தான் மற்றவர்களையும் நம்பவைக்கிறார்கள். பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் காலத்துக் கருவிகள் சுழலும் ஹார்டு டிஸ்க்குடன் வந்தவை. பிளேஸ்டேஷன் 4-இல் அந்த டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி மாட்டலாம். எக்ஸ்பாக்ஸ் ஒன்னில் யுஎஸ்பி வழியாகவே எஸ்எஸ்டியை இணைக்கலாம். அப்படிச் செய்தால் லோடிங் நேரம் கண்கூடாகக் குறையும். வேகமாக ஓடும்போது சுவர்களும் மரங்களும் முதலில் மொழுக்கென்று தெரிந்து, பிறகு மெல்லத் துலங்குமே, அந்தத் தொல்லையும் தணியும். ஆனால் அங்கேகூடச் சண்டைக் காட்சியின் திணறல் அநேகமாக அப்படியேதான் இருக்கும். அது பெரும்பாலும் பிராசசரின் பலவீனம். உங்கள் சீரிஸ் எஸ் பிறக்கும்போதே எஸ்எஸ்டியோடு பிறந்தது. பழைய கருவிக்குப் பலித்த வைத்தியம் இதற்குப் பலிக்காது.

சரி, ஒரே விளையாட்டு ஏன் இப்படி வேறுபடுகிறது? சீரிஸ் எஸ்-இன் பிராசசர், பெரிய அண்ணனான சீரிஸ் எக்ஸின் பிராசசருக்குக் கிட்டத்தட்டச் சமம். கிராஃபிக்ஸ் திறன் மட்டும் மூன்றில் ஒரு பங்கு. ஆகவே விளையாட்டை உருவாக்குபவர்கள் முதலில் கைவைப்பது படத்தின் மேல். காட்சி நெரிசலாகும்போது குறைவான புள்ளிகளில் வரைந்து, திரைக்கு ஏற்ப இழுத்து நிரப்புகிறார்கள். நீங்கள் பார்க்கும் மங்கல் அதுதான். புள்ளிகளைக் குறைத்துச் சமாளிப்பது எளிது. ரேம் பற்றாக்குறையை அப்படிச் சமாளிக்க முடியாது. எத்தனை எதிரிகள், எவ்வளவு பெரிய ஊர், யார் எங்கே நிற்கிறார் என்ற கணக்கெல்லாம் திரையின் தெளிவு குறைந்தாலும் அதே இடத்தைத்தான் அடைக்கும். பால்டர்ஸ் கேட் 3 இதற்கு நல்ல சாட்சி. 2023 செப்டம்பரில் பிளேஸ்டேஷன் 5-க்கு வந்த அந்த விளையாட்டு, எக்ஸ்பாக்ஸுக்கு டிசம்பரில்தான் வந்தது. திரையை இரண்டாகப் பிரித்து இருவர் விளையாடும் வசதியைச் சீரிஸ் எஸ்-இல் ஓட்ட முடியாமல் போனதுதான் தாமதத்துக்குக் காரணம். கடைசியில் அந்த வசதி இல்லாமலே சீரிஸ் எஸ் பதிப்பை வெளியிட மைக்ரோசாஃப்ட் இணங்கியது.

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். எக்ஸ்பாக்ஸின் இணையக் கடையில் எக்ஸ், எஸ் இரண்டுக்கும் சேர்த்து ஒரே முத்திரை. எந்தக் கருவியில் எந்தத் தெளிவில், நொடிக்கு எத்தனை ஃபிரேம் (திரையில் வரும் படங்கள்) ஓடும் என்பதைப் பணம் வாங்குவதற்கு முன் எழுதிச் சொல்ல இவர்களுக்கு என்ன தடை? 2020 டிசம்பரில் சைபர்பங்க் 2077 வெளியாகும் முன் விமர்சகர்களுக்குக் கொடுக்கப்பட்டது கம்ப்யூட்டர் பதிப்பு மட்டுமே. பிளேஸ்டேஷன் 4-க்கு வாங்கியவர்கள் பணம் கொடுத்த பிறகுதான் அதன் மோசமான நிலையைப் பார்த்தார்கள். ஒரே வாரத்தில் பிளேஸ்டேஷன் நிறுவனமான சோனி தன் இணையக் கடையிலிருந்தே அதை எடுத்தது. இருந்தும் முத்திரை முறை மாறவில்லை.

இப்போது வீட்டில் செய்யக்கூடியவை. விளையாட்டின் அமைப்புகளில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ முறை இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். தெளிவு கொஞ்சம் குறையும், திணறல் வெகுவாகக் குறையும். டிவியில் ‘கேம் மோட்’ போடுங்கள். டிவிக்கு விஆர்ஆர் வசதி (கருவி அனுப்பும் ஃபிரேம்களுக்கு ஏற்பத் திரையும் தன் வேகத்தை மாற்றிக்கொள்வது) இருந்தால் எக்ஸ்பாக்ஸ் அமைப்புகளில் அதையும் இயக்குங்கள்.

அடுத்த விளையாட்டை வாங்கும் முன், சீரிஸ் எஸ்-இலேயே பதிவான வீடியோவைத் தேடிப் பாருங்கள். நிறுவனம் வெளியிடும் டிரெய்லர் உங்கள் கருவியில் பதிவானது என்று நம்பாதீர்கள். தொடக்கக் காட்சி போதாது, கூட்டமான நடுப்பகுதியைப் பாருங்கள். அப்படி ஒரு வீடியோ கிடைக்கவில்லை என்றால் முன்பதிவு செய்யாமல் ஒன்றிரண்டு வாரம் பொறுங்கள். அதற்குள் வாங்கியவர்கள் எழுதத் தொடங்கிவிடுவார்கள்.

கார்டுக்கு ஒதுக்கிய பணத்தை இப்போதைக்கு அப்படியே வைத்திருங்கள்.