சோலார் பண்ணையில் புல் பார்க்கிறவரிடம் கேளுங்கள்

முப்பது வருஷம் செம்பனைத் தோட்டத்தில் மேற்பார்வை பார்த்தேன். இப்போது கெடா பக்கத்துச் சோலார் பண்ணைகளில் புல்லையும் மண்ணையும் பார்க்கும் குத்தகை வேலை. வீடு பட்டர்வொர்த்தில். கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

பிறையிலிருந்து ஒரு தம்பி: அண்ணே, களை மருந்தடித்துத் தரையை மொட்டையாக்கிவிட்டால் வேலை மிச்சம்தானே?

அப்படி நினைத்த ஒருவர் விட்டுப்போன இடத்தைத்தான் நான் முதலில் எடுத்தேன். சோலார் பலகையில் விழுகிற மழை சிதறாமல் கீழ் விளிம்பில் ஒரே கோடாகக் கொட்டும். அந்தக் கோட்டில் வேர் இல்லாவிட்டால் மண் அரித்து வாய்க்கால் விழும், அப்புறம் பலகையைத் தாங்குகிற கம்பத்தின் அடி வெளியே தெரியும். அங்கே சேறு பக்கத்து ஓடைக்குப் போயிருந்தது. மிச்சம் தெறித்துக் கீழ்வரிசைப் பலகைகளில் செம்மண்ணாக ஒட்டியிருந்தது. கழுவின செலவில் ரெண்டு தடவை புல் வெட்டியிருக்கலாம். தோட்டத்தில் நம் அக்காமார் முதுகில் சுமந்து அடித்த பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு 2020இலிருந்து நம் மலேசியாவில் தடை. மற்ற மருந்துகளையும் கம்பத்தடியோடு நிறுத்திக்கொள்வேன்.

அதே தம்பி: சரி, சரளை கொட்டினால்?

சிலாங்கூரில் சிப்பாங் பக்கம் இருக்கிற 50 மெகாவாட் பண்ணை ஏறக்குறைய 98 ஹெக்டேர். எத்தனை லாரி சரளை என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஒரு ஆசிரியை: ஐயா, அப்படியென்றால் எதைத்தான் வளர்ப்பது?

எதை வளர்க்கக் கூடாது என்பதை முதலில் சொல்கிறேன், டீச்சர். லாலாங் புல் ஆள் உயரத்துக்குப் போகும், காய்ந்தால் தீப்பிடிக்கும், வெட்டினாலும் மண்ணுக்கடியில் இருக்கிற தண்டிலிருந்து திரும்ப வரும். செம்பனைக்கு நாங்கள் ஆசையாகப் போடுகிற முக்குனா மூடுகொடி இங்கே எதிரி, ஒரு மாதம் விட்டால் பலகை மேல் ஏறி உட்கார்ந்துவிடும். பலகைக்குள் செல்கள் தொடராகக் கோத்திருக்கின்றன. ஒரு மூலையில் இலை நிழல் விழுந்தாலே அந்தத் தொடர் முழுக்க மின்சாரம் குறையும்.

நான் விரும்புவது திடல்களில் பார்க்கிற அகல இலை 'கவ் கிராஸ்'. நிழலிலும் வளரும், உயராது. நடைபாதை ஓரத்தில் மஞ்சள் பூ பூக்கும் தரைக்கடலைக் கொடி. அது காற்றிலிருக்கும் நைட்ரஜனை மண்ணுக்குக் கொடுக்கும், தேனீயும் வரும். வேலியோரம் மட்டும் கொஞ்சம் உயரமாக விட்டுவிடுவேன். புள்ளிச் சில்லைக் குருவிகள் விதை பொறுக்க அங்கேதான் வருகின்றன. முதலாளி பார்த்தால் 'ஏன் வெட்டவில்லை' என்பார். ஒவ்வொரு தடவையும் விளக்க வேண்டியிருக்கிறது.

நிபோங் திபாலிலிருந்து: எங்களிடம் ஆடு இருக்கிறது, மேய விடலாமா?

செம்மறி என்றால் கொண்டுவாருங்கள். வெள்ளாடு வேண்டாம்! பலகை மேல் ஏறும், கம்பியைக் கடிக்கும். செம்மறிக்குப் பலகை நிழல் நம் வெயிலில் பெரிய வரம். ஆனால் ஒரே இடத்தில் விடாதீர்கள். பாத்தி பிரித்து மாற்றி மாற்றி மேய விட்டால்தான் புல் திரும்ப எழும்பும்.

ஆயர் ஈத்தாமிலிருந்து: எலி கம்பியைக் கடித்து இன்வெர்ட்டர் நின்றுபோகிறதாமே?

நடக்கும். தோட்டத்து வழியையே செய்கிறேன்: கம்பத்தில் பெட்டி வைத்தால் கூகை ஆந்தை வந்து குடியேறும். குஞ்சுகளோடு ஒரு ஜோடி வருஷத்துக்கு ஆயிரம் எலிக்கு மேல் தின்னும். ஒரே நிபந்தனை, வீரியமான எலி மருந்து வைக்கக் கூடாது. மருந்து தின்ற எலியைத் தின்று கூகையும் சாகும்.

ஜார்ஜ்டவுனிலிருந்து: பறவைகள் பலகையைக் குளம் என்று நினைக்குமா?

பறவையைவிடப் பூச்சிக்குத்தான் அந்தக் குழப்பம் அதிகம். பலகையில் பட்டுத் திரும்பும் ஒளி தண்ணீரில் பட்டுத் திரும்புவதைப் போலவே இருப்பதால், நீரில் முட்டையிடும் சில பூச்சிகள் அதன் மேலேயே முட்டையிட்டு வீணாக்குகின்றன. பலகையில் வெள்ளைக் கோடுகள் இருந்தால் இந்த ஏமாற்றம் குறைகிறது.

அதே நண்பர்: காட்டை அழித்துவிட்டு இது என்ன பசுமை?

காட்டை அழித்துச் செய்தால் பசுமை இல்லை, நானே சொல்வேன். பழைய செம்பனை, ரப்பர் நிலம் என்றால் கதை வேறு. அங்கே ஏற்கெனவே ஒரே மரம்தான். ஓடையோரத்தை மட்டும் தொடாமல் விட்டு, வேலிக்கடியில் ஒரு சாண் இடைவெளி வைத்தால் உடும்பும் கானாங்கோழியும் போய் வரும்.

கடைசியாக ஒரு தம்பி: வேலைக்கு ஆள் எடுப்பீர்களா அண்ணே?

எடுப்பேன். பூட்ஸ் போட்டு வா. வரிசைக்குள் குனிவதற்கு முன்னால் கம்பத்தைக் கம்பால் ரெண்டு தட்டு தட்டு, நிழலில் நாகம் படுத்திருக்கும்.